நெருப்பு அணையாத சனியும் ஞாயிறும்

நாற்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது. சலவைக்கூடத்து முதலாளிமார் இருவருக்கும் பாய்லர்காரர் கொடுக்க வேண்டிய பாக்கி, காசு பிசகாமல் அவ்வளவு. அதில் ஒரு காசைக்கூட அவர் கையால் வாங்கிச் செலவழித்ததில்லை. கூட வேலை பார்த்த ஒருவன், வாய் நிறைய "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுத் திரிந்தவன், கம்பெனியில் கடன் வாங்கும்போது ஜாமீனுக்கு ஆள் வேண்டும் என்றான். பாய்லர்காரருக்கு அப்போது எழுத்து தெரியாது. காட்டின இடத்தில் பெருவிரலை உருட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றாம் மாதம் மச்சான் கம்பி நீட்டிவிட்டான். அதற்குப் பிறகுதான் பத்திரத்தைப் படித்துக் காட்டினார்கள். எண்பத்து மூவாயிரத்து அறுநூற்றைம்பது. மாதம் ஐந்நூறு பிடித்தம். கடன் தீராமல் வேலையை விட்டால் மிச்சம் மொத்தத்தையும் ஒரே நாளில் வைக்க வேண்டும், குடியிருக்கும் கம்பெனி அறையையும் காலி பண்ண வேண்டும்.

அந்த எரிச்சலில்தான் நாற்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்து எழுத்துக்கூட்டப் படித்தார். படித்து என்ன, பத்திரம் மாறவா போகிறது? எண்பத்து நாலு பிடித்தம் போயும் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தார்.

அந்தக் கூடத்துக்கு ஆஸ்பத்திரித் துணியும் லாட்ஜ் துணியும் வரும். துவைக்கிற டிரம்முக்கும் தேய்க்கிற உருளைக்கும் ஆவி கொடுப்பது பின்கட்டில் இருக்கும் விறகு பாய்லர். அதை எரிக்க லைசென்ஸ் உள்ள ஒரே ஆள் இவர். பழைய முதலாளி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை பாய்லர் குளிர்ந்து கிடக்கும். சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு, குளித்து, வீட்டுக்காரியோடு கோயிலுக்குப் போய்வந்து, மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டு மல்லாந்தால் விளக்கு வைக்கும்போது எழுந்தால் போதும். அப்பேர்ப்பட்ட நாள் அது.

பழைய முதலாளி கண்ணை மூடியதும் கூடம் சரிபாதியாக அவர் மகன்கள் பெரியவருக்கும் சின்னவருக்கும் வந்தது. கடனும் சரிபாதி. ஒருநாள் பெரியவர் ஒரு போதகரின் கூட்டத்துக்குப் போய் வந்தார். போனவர் வேறு, வந்தவர் வேறு.

"கடவுள் ஓய்ஞ்சது ஏழாம் நாள். ஏழாம் நாள்னா சனிக்கிழமை. ஞாயிறுங்கிறது மனுசன் பாத்து மாத்தினது. இனிமே சனிக்கிழமை பாய்லர் எரியக்கூடாது" என்றார்.

"ஆண்டவர் எழுந்தது ஞாயித்துக்கிழமை. அப்பா வெச்ச நாளை மாத்த நீங்க யாரு? ஞாயித்துக்கிழமைதான் அணையும்" என்றார் சின்னவர்.

பெரியவரைச் சனி பிடித்துவிட்டது என்று இஸ்திரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கிற காரியமாக அது முடியவில்லை. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஆஸ்பத்திரித் துணியோ எந்த நாளும் பார்த்து அழுக்காவதில்லை. கடைசியில் கணக்கெழுதும் அம்மா வழியாகச் சீட்டு அனுப்பி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சனிக்கிழமை பெரியவர் வர மாட்டார், அன்றைக்குக் கூடத்தைச் சின்னவர் நடத்துவார், வரவும் அவருக்கே. ஞாயிற்றுக்கிழமை சின்னவர் வர மாட்டார், அது பெரியவர் பாடு. ஆட்களில் சனிக்காரர் சனிக்கிழமை வர வேண்டாம், ஞாயிற்றுக்காரர் ஞாயிறு வர வேண்டாம்.

இங்கேதான் பாய்லர்காரருக்குப் புத்தி போன போக்கைப் பார்க்க வேண்டும். பெரியவர் கூப்பிட்டு, "ஏம்ப்பா, நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "உங்க பக்கந்தாங்க ஐயா" என்றார் இவர். சாயங்காலம் சின்னவர் கூப்பிட்டுக் கேட்டார். "அப்பா காலத்துலேர்ந்து நான் ஞாயித்துக்கிழமைதாங்க" என்றார். அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, யார் போய் யாரிடம் சொல்லப் போகிறார்கள்? வாரத்துக்கு இரண்டு நாள் லீவு! வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளும், "உங்களுக்குள்ள இவ்வளவு மூளைய எங்கங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றாள்.

முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சின்னவரின் மேஸ்திரி நின்றார். "கெளம்புப்பா. நீ ஞாயித்துக்காரன், உனக்குச் சனிக்கிழமை தடையில்லையே."

மறுநாள் அதே ஆறு மணிக்குப் பெரியவரின் மேஸ்திரி. "நேத்து ஓய்வு நாள் நல்லா கழிஞ்சுதா? சரி வா, ஆவி போடணும்."

இரண்டு பேருக்கும் என்ன பதில் சொல்வது? சனிக்கிழமை மாட்டேன் என்றால் சின்னவருக்குப் பொய் தெரியும். ஞாயிறு மாட்டேன் என்றால் பெரியவருக்குத் தெரியும். தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் மொத்தப் பணத்தையும் வைக்க வேண்டும். தானே பின்னின வலையில் தானே தலையைக் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்றிலிருந்து அறுபது வாரம். சனிக்கிழமை நெருப்பு போட யாரோ வெளியாள் வருகிறான் என்று பெரியவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்படியே சின்னவரும் நினைத்தார். இரண்டு நாள் கூலிப் பதிவும் தனித்தனி நோட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கணக்கம்மா ஒருத்திதான். ஒரு திங்கட்கிழமை அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஏன்யா, நீ எந்த நாள்லதான் தூங்குற?" என்றாள்.

"அம்மா, காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கட்டும்."

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டாங்கன்னா மறைக்க மாட்டேன்" என்றாள்.

இதில் வேடிக்கை, முதலாளிமார் இருவருமே இவரைத் தங்கள் ஆள் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள். பெரியவர் ஒரு வேதப் புத்தகம் கொடுத்தார். ஓய்வு நாளைப் பற்றிச் சொல்லும் இடமெல்லாம் சிவப்பு மையால் அடிக்கோடு. இரண்டு வாரம் கழித்துச் சின்னவர் ஒன்று கொடுத்தார். அதில் வாரத்தின் முதல் நாளைச் சொல்லும் இடமெல்லாம் நீலக்கோடு. சனிக்கிழமை சபைக்கு ஏன் வருவதில்லை என்று பெரியவர் கேட்டால், "வீட்டிலேயே உக்காந்து படிக்கிறேங்க, எழுத்துக்கூட்ட நேரமாவுது" என்பார். சின்னவர் ஞாயிறு விடியற்கால ஆராதனைக்குப் போகிறவர், ஆட்கள் போவது ஒன்பது மணி ஆராதனைக்கு. அதனால் அந்தப் பக்கம் கேள்வியே வரவில்லை.

வீட்டுக்காரி ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறவள். அவளுக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுப்பு. தனியாகக் கோயிலுக்குப் போய், தனியாக வந்து, தனியாகத் தின்றாள்.

"ஓய்வு நாள் கட்டளையில மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு குடுக்கச் சொல்லியிருக்காம். ஆராதனையில ஐயர் வாசிச்சாரு. நீங்க மாடா பொறந்திருந்தா வாரம் ஒருநாள் மூஞ்சியப் பாத்திருப்பேன்" என்றாள் ஒருமுறை.

"வேலைக்காரனும் அந்த வரிசையில இருக்கான்டி. நான் படிச்சேன்."

"படிச்சு? அதப் போய் அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"எந்த நாள்னு கேப்பாங்க."

அவள் சாப்பிட்ட தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவப் போனாள்.

அறுபதாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், விறகுக் குவியலில் சாய்ந்தபடி அவர் கண் அயர்ந்துவிட்டார். எவ்வளவு நேரமோ. விழித்துப் பார்த்தால் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீரே இல்லை. அந்த நேரத்தில் பதறிப்போய்ப் பம்பைத் திறந்து பச்சைத் தண்ணீரை விட்டால், பழுத்துக் கிடக்கும் இரும்பில் அது பட்டு, பாய்லர் சுவரோடு கூரையையும் தூக்கிக்கொண்டு போகும். சுவருக்கு அந்தப் பக்கம் பதினெட்டுப் பெண்கள் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பம்பைத் தொடாமல், நீளக் கொக்கியைப் போட்டு எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தள்ளினார். புருவ மயிர் கருகியது. ஆவி ஏன் குறைந்தது என்று கேட்டு வந்த மேஸ்திரியிடம், "விறகு ஈரம்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னார். "அடுத்த தடவ முழிப்பு வருமோ வராதோ, தெரியலடி."

அந்த வாரமே வழி திறக்கிற மாதிரி ஒன்று நடந்தது. இரண்டு போதகர்களை வைத்து எல்லார் முன்னாலும் வாதம் நடத்துவது, தோற்ற பக்கம் ஜெயித்த பக்கத்து நாளை ஏற்றுக்கொள்வது, அந்த நாளில் பாய்லரை அணைப்பது என்று அண்ணனும் தம்பியும் சீட்டில் ஒத்துக்கொண்டார்கள். பாய்லர்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. சனி ஜெயித்தால் என்ன, ஞாயிறு ஜெயித்தால் என்ன? ஏதோ ஒன்று ஜெயித்தால் சரி.

அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு உருளைகளை நிறுத்தினார்கள். துணி மடிக்கிற கூடத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு, ஆட்கள் எல்லாரும் விரிப்பு மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் பெரியவரும் அவருடைய போதகரும். ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். எதிரே சின்னவரும் ஒன்பது மணி ஆராதனை நடத்தும் ஐயரும். ஐயருக்குக் குரல் வெண்கலம். நடுவில் கணக்கம்மா கடிகாரமும் நோட்டுகளுமாக. பள்ளிக்கூடத்து வேலை முடிந்து வீட்டுக்காரியும் வந்து வாசலோரம் நின்றாள்.

"பத்துக் கட்டளையும் கல்லுல எழுதினது. அதுல ஒன்பதை வெச்சுக்கிட்டு ஒண்ணை மட்டும் அழிக்க யாருக்கு அதிகாரம்? நாளை மாத்துங்கன்னு ஆண்டவர் சொன்ன ஒரு வார்த்தைய எனக்குக் காட்டுங்க" என்றார் ஒல்லிப் போதகர்.

"கல்லறைக் கல்லே பொரண்டு போச்சு, நீங்க இன்னும் கட்டளைக் கல்லைத் தூக்கிட்டு நிக்கிறீங்களே!" என்றார் ஐயர். மூட்டைகள்மேல் கைதட்டல். "முதல் சீடர்கள் கூடினது வாரத்தின் முதல் நாள்ல. அப்பம் பிட்டது அன்னைக்கு. காணிக்கை சேத்து வெச்சது அன்னைக்கு."

"கூடினாங்க. சரி. வேலைய நிறுத்தி ஓய்ஞ்சாங்கன்னு எங்க இருக்கு?"

"ஓய்வு நாளே நிழல்தான்னு எழுதியிருக்கே! நிஜம் வந்தப்புறம் நிழலை ஏன் புடிச்சுக்கிட்டு நிக்கணும்?"

"நிழல்னா எல்லா நாளும் நிழல்தானே? அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படி நிஜமாச்சு?"

இந்த முறை மற்றப் பக்கம் கைதட்டியது. ஒரு மணி நேரம் இப்படியே போனது. ஒருவர் எட்டடி பாய்ந்தால் மற்றவர் பதினாறடி. பாய்லர்காரர் இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையாட்டினார். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத் தொலையக்கூடாதா என்று இருந்தது. கடைசியில் கணக்கம்மா கடிகாரத்தைப் பார்த்து, "இப்படியே போனா வர்ற சனி, ஞாயிறு ரெண்டும் இங்கயே கழிஞ்சிடும். யாருக்கும் தோல்வியில்லன்னு எழுதட்டுமா?" என்றாள்.

தோல்வியில்லை என்றால் பழைய ஏற்பாடு. பழைய ஏற்பாடு என்றால் அறுபத்தோராவது வாரம்.

"இரு" என்று பெரியவர் எழுந்தார். "வசனம் போதும். சாட்சி சொல்லட்டும். படிப்பில்லாத ஒரு மனுசன், தானா எழுத்துக்கூட்டிப் படிச்சு உண்மையக் கண்டுபுடிச்சு, ஒரு வருசமா சனிக்கிழமைய ஆசரிக்கிறாரு. நம்ம பாய்லர்காரரு. எந்திரிப்பா."

சின்னவர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு, இவரா? இவர் எங்க ஆளுண்ணே! அப்பா காலத்து ஞாயித்துக்காரரு. சனிக்கிழமை தவறாம என்கிட்ட வேலைக்கு வர்றாரு."

"சனிக்கிழமையா? ஞாயித்துக்கிழமை அல்லவா என்கிட்ட வர்றான்?"

அண்ணனும் தம்பியும் ஒரு வருசத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். பேசி முடித்து இரண்டு பேரும் இவர் பக்கம் திரும்பினார்கள். ஓடலாம் என்றால் வாசலில் வீட்டுக்காரி, பின்னால் பாய்லர்.

"ரெண்டு நாளும் வர்றேங்க" என்றார். "ரெண்டு பேருக்கும் பொய் சொன்னேன். லீவு கெடைக்கும்னு சொன்னேன். அறுபது வாரமா ஒருநாளும் நின்னதில்லங்க. போன வாரம் பாய்லர் முன்னால தூங்கிட்டேன். தண்ணி வத்திப்போச்சு. நெருப்ப இழுத்துப் போட்டதாலதான் எல்லாரும் பொழச்சோங்க."

இஸ்திரிப் பெண்களில் ஒருத்தி "ஐயோ" என்றாள். பெரியவர் கணக்கம்மாவைப் பார்த்தார். அவள் இரண்டு நோட்டையும் திருப்பி அவர் முன் வைத்தாள். "கேட்டா சொல்றதுன்னு இருந்தேன். கேக்கலியே."

பெரியவர் முகம் சிவந்தது. "என் ஓய்வு நாள்ல என் பாய்லர்ல என் ஆளே நெருப்பு போட்டிருக்கான்! பொய்யனை வெச்சுக்கிட்டு நான் எந்தச் சாட்சியச் சொல்றது? மிச்சப் பணத்த வெச்சிட்டு இன்னைக்கே வெளிய போ."

"நானும் அதத்தான் சொல்றேன்" என்றார் சின்னவர். ஒரு வருசமாக ஒன்றிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள்.

பாய்லர்காரருக்குப் போவதற்கு இடமில்லை, வைப்பதற்குப் பணமில்லை. இனி எதை மறைத்து எதைக் காப்பாற்ற?

"போறேங்க. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுட்டுப் போறேன்" என்று ஒல்லிப் போதகர் பக்கம் திரும்பினார். "உங்க பக்கம் சிவப்புக் கோடு போட்ட இடத்தையும், அவங்க நீலக் கோடு போட்ட இடத்தையும் படிச்சேன். எனக்கு அங்க இங்க தாண்டித் தாண்டிப் படிக்க வராது, எழுத்து எழுத்தாத்தான் போவேன். அதனால கோடு போடாத இடமும் படிக்க வேண்டியதாப் போச்சு. கட்டளை சொல்ற அதே ஆகமத்துல, கொஞ்சம் தள்ளி, ஏழு வருசம் முடிஞ்சா கடன்பட்டவனை விட்டுடணும்னு வருது. ஏழாம் நாள் இன்னும் நிக்குதுன்னா, ஏழாம் வருசமும் நிக்குதுங்களா?"

ஒல்லிப் போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அந்த ஜனங்களோட தேசத்துக்குச் சொன்ன சட்டம்னு சொல்றவங்க உண்டு" என்று ஆரம்பித்தவர், பெரியவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஆனா எழுதியிருக்கு. இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்."

"மாட்டினீங்களாண்ணே!" என்று சின்னவர் தொடையைத் தட்டினார்.

பெரியவருக்கு ஆயிரம் குறை இருக்கலாம், சொன்ன சொல்லை விழுங்குகிற பழக்கம் மட்டும் கிடையாது. கணக்கம்மாவிடம் கேட்டார், "கடன் எழுதி எவ்வளவு காலமாச்சு?"

"போன மாசத்தோட ஏழு வருசம். எண்பத்து நாலு பிடித்தம்."

"என் பாதி எவ்வளவு?"

"இருபதாயிரத்து எண்ணூத்து இருபத்தஞ்சு."

"அடிச்சிடு." உட்காரப் போனவர், பாதியில் தம்பி பக்கம் திரும்பினார். "சட்டம் முடிஞ்சுபோச்சு, இனி எல்லாம் கிருபைங்கிறியே. உன் கிருபை என்ன, மாசம் ஐந்நூறா?"

மூட்டைகள்மேல் சிரிப்பு வெடித்தது. சின்னவர் சிரிக்கவில்லை. "அது வேற, இது வேற. கடன் கடன்தான். என் பாதிக்கு அவர் சனிக்கிழமை வந்துக்கிட்டிருக்கட்டும், நான் வேலைய விட்டு அனுப்பல. அவ்வளவுதான் முடியும்."

ஆக, கயிற்றின் ஒரு முனைதான் அவிழ்ந்தது. மறுமுனை கழுத்தில் இருந்தது. பாய்லர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலில் நின்ற வீட்டுக்காரி உள்ளே வந்தாள். வந்தவள் முதலாளியைப் பார்க்காமல் ஐயரைப் பார்த்தாள்.

"ஐயரே, ஞாயித்துக்கிழமை தவறாம என்னை என்னன்னு கேப்பீங்க?"

"உன் வீட்டுக்காரர் எங்கம்மான்னு கேப்பேன்."

"நான் என்ன சொல்லுவேன்?"

"காய்ச்சல்னு."

"அறுபது வாரமா எந்த மனுசனுக்குங்க காய்ச்சல் அடிக்கும்? பொய்தான். பீடத்துக்கு முன்னால நின்னு அறுபது தடவ பொய் சொன்னேன். இவர் இங்க பெரியவருக்கு நெருப்பு போட்டுக்கிட்டிருந்தாரு. போட மாட்டேன்னு ஏன் சொல்லலன்னா, பொய் வெளிய வந்தா சின்ன முதலாளியும் பணத்தைக் கேப்பாங்கன்னு பயம். ஞாயித்துக்கிழமைய மதிக்கிறவங்க கடனுக்குப் பயந்துதான் இவருக்கு ஞாயித்துக்கிழமையே இல்லாமப் போச்சு." ஐயரை விட்டுச் சின்னவர் பக்கம் திரும்பினாள். "ஞாயிறு பெருசா, சனி பெருசான்னு எனக்குத் தெரியாது. எனக்கு இவர் உயிரோட வேணும்."

ஐயரின் வெண்கலக் குரல் தணிந்துபோயிருந்தது. "தம்பி," என்றார் சின்னவரிடம், "இன்னைக்கு ஒரு மணி நேரம் உங்களுக்காக வாதாடினேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எந்த மூஞ்சியோட பீடத்துல ஏறுவேன்?"

சின்னவர் அண்ணனைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் பிடிவாதமாக நின்றிருப்பார். "அடிங்கம்மா, அதையும் அடிங்க" என்று கையை உதறினார். "அண்ணனை விட நான் ஒண்ணும் குறைஞ்சு போயிடல."

சொல்லி முடிக்கவில்லை, பெரியவர் இவர் பக்கம் சாய்ந்தார். "கடன் இல்லை. பொய்யும் இல்லை. வேலையிலயும் இரு. இப்ப சொல்லு. இனி எந்த நாள ஆசரிப்பே?"

சின்னவரும் காதைத் தீட்டிக்கொண்டார். போதகர்கள் இருவரும்கூட அவரையே பார்த்தார்கள்.

"இந்த வாரம் ரெண்டு நாளும் வர மாட்டேங்க. முதல்ல தூங்கறேன்" என்றார் பாய்லர்காரர். "முழிச்சதும் சொல்றேன்."

அதற்குள் ஐயர் நிழலைப் பற்றி விட்ட இடத்திலிருந்து ஏதோ தொடங்க, ஒல்லிப் போதகர் புத்தகத்தைப் புரட்ட, கூடம் பழையபடி இரண்டாகப் பிரிந்து இரையத் தொடங்கியது. பாய்லர்காரரும் வீட்டுக்காரியும் கணக்கம்மாவின் மேசையருகே போய் நின்றார்கள். அவள் பேரேட்டைத் திறந்து, அவர் பக்கத்தைத் தேடி, அடிக்கோலை வைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பெரியவர் கையெழுத்துப் போட்டார், சின்னவரும் போட்டார். மை காயும்வரை காத்திருந்துவிட்டு, நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் அவசரப்படவில்லை. விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, முதலிலிருந்து படித்துக்கொண்டே வந்தார். பாக்கி என்று எழுதியிருந்த இடத்துக்கு நேராக ஒன்றும் இல்லை.